மிதந்த கம்பு

பெட்டி மேல காலை வச்சிராதீங்க, அண்ணாச்சி. இப்படிக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இடம் தாராளமா இருக்கு. உள்ள மைக்ராஸ்கோப்பு, அதான். மடியில வச்சிக்கிடலாம்னா கனம் தாங்கல. வெடிகுண்டைப் பாக்குற மாதிரிப் பாக்காதீங்க, அரசாங்கச் சாமான்தான். கோர்ட்டுக்குக் கொண்டாரணும்னு சம்மன்லயே எழுதி அனுப்பியிருக்காக.

நீங்க தூத்துக்குடியில எங்க இறங்கணும்? பழைய பஸ் ஸ்டாண்டா? அப்ப நான் உங்களுக்கு முந்தியே இறங்கிருவேன். கோர்ட்டு ஸ்டாப்பு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. பேச ஆரம்பிச்சேன்னா எனக்கு ஊர் வாரதே தெரியாது. என் வீட்டுக்காரி அதைத்தான் திட்டுவா.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, மடியில துணி முடிச்சு வச்சிக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்கால்லா, பச்சைச் சேலை. அவளும் கோர்ட்டுக்குத்தான் போறா. சண்முகக்கனின்னு பேரு. விளாத்திகுளத்துல என்கூடத்தான் ஏறினா. அட, அங்க பாக்காதீங்க, திரும்பிருவா. இந்தப் பக்கம் சன்னல்ல பாருங்க.

அவ புருசனைக் கொன்ன கேசுதான். நான் அதுல சாட்சி. முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டுட்டு, ரிட்டையர்டு ஆக ரெண்டு மாசம் கெடக்கையில, கூண்டுல ஏறி நிக்கணுமாம் நான். நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், கேளுங்க. நான் செஞ்சதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க. படிச்ச ஆளு மாதிரித் தெரியுது.

என் பேரு ஞானதிரவியம். பயிர் நோய் ஆய்வுக்கூடத்துல வேலை. ஆர்டர்ல லேப் அசிஸ்டன்டுன்னு இருக்கும், ஊர்நாட்டுல எல்லாரும் டாக்டருன்னுதான் கூப்பிடுவாக. நானும் திருத்தினதில்ல. ஆபீசர்மாரு ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தர் வருவாக, போவாக. லென்ஸ்ல கண்ணு வச்சவன் நான். நெல்லுல குலைநோயா, சோளத்துல கரிப்பூட்டையா, கம்புல தேன் ஒழுகலா, எதுவா இருந்தாலும் நோய் விழுந்த இடத்துல துளியூண்டு சுரண்டுவேன். அதை ஒரு கண்ணாடித் துண்டுல வச்சு, நீலச்சாயம் ஒரு சொட்டு, மேல மெல்லிசுக் கண்ணாடி. அரை நிமிஷத்துல சொல்லிருவேன் இன்ன பூசணம்னு. ஆபீசர் ரெண்டு நாள் கழிச்சு அதையே கையெழுத்துப் போட்டு அனுப்புவாரு. அரை நிமிஷம், அண்ணாச்சி. இதை ஞாபகத்துல வச்சிக்கிடுங்க.

நாலு வருஷத்துக்கு முந்தி, ஆடி பிறந்த புதுசு. செங்கரட்டுப்பட்டின்னு ஒரு கரிசக்காட்டு ஊரு. முந்தின வெள்ளாமை அங்க பூராவும் தேன் ஒழுகல். கம்பு பூக்குற நேரத்துல வானம் மூடி, தூத்தலாவே நின்னுச்சுன்னா கதிர்ல இருந்து சொட்டுச் சொட்டாத் தேன் மாதிரி வடியும். ஈயும் எறும்பும் மொய்க்கும். அது தேனா என்ன? பூசணம். வடிஞ்ச இடத்துல மணி பிடிக்காது. மணிக்குப் பதிலா கறுப்பா, நீளமா, எலிப்புழுக்கை கணக்கா ஒண்ணு முளைச்சு நிக்கும். அதோட சேத்து விதைச்சா அடுத்த வெள்ளாமையும் போச்சு.

அதுக்குத்தான் விதைநேர்த்திக் கூட்டம் போட்டோம், காளியம்மன் கோயில் முன்னால. நான்தான் பேசினேன், ஆபீசருக்குத் தொண்டைக் கட்டு. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பத்து லிட்டர் தண்ணி, ஒரு கிலோ கல்லுப்பு. கம்பை அதுல கொட்டிக் கையை விட்டுக் கலக்கினேன். நல்ல மணி அடியில போயிருச்சு, கறுப்பெல்லாம் மேல மிதந்துச்சு. பொம்பளைக எட்டி எட்டிப் பாத்து, ஆத்தாடி, இம்புட்டா கெடந்துச்சுன்னு வாயில கை வச்சாக. மிதந்ததை விதைக்கக் கூடாதுன்னேன். ஒரு தடவையா சொன்னேன்? மூணு தடவை. விதைக்கக் கூடாது, விதைக்கக் கூடாது, விதைக்கக் கூடாது. கூட்டமே திருப்பிச் சொல்லிச்சு. பேப்பர்காரன் வந்து நான் தொட்டியில கையை விட்டுக்கிட்டு நிக்கிற மாதிரிப் போட்டோ போட்டான். வீட்டுல இன்னும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்.

கடைசியில பின்னால இருந்து ஒருத்தன் எந்திரிச்சான். கொம்பையா. அந்த ஊர்ல மாவு மில்லு வச்சிருந்தவன், கழுகுமலைப் பக்கத்து ஆளு, வேத்தூரு. புருவம் வரைக்கும் மாவு. சார், மிதந்ததை என்ன செய்யணும்னு கேட்டான். எப்படியும் என் மில்லுக்குத்தானே கொண்டாந்து அரைக்கச் சொல்லுவாக, அரைக்கலாமான்னான். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. பேச்சு முடிஞ்சு, கைதட்டி, வடை கொடுத்துக்கிட்டிருக்காக. இது விதைநேர்த்திக் கூட்டம், நீ போயி உன் மில்லைப் பாருன்னேன். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சிக்கிட்டே உக்காந்துட்டான். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல.

நான் சொன்னதுல தப்பு இருக்கா? விதைன்னா விதையைப் பத்தித்தானே பேசணும்.

ஆடிக் கடைசிச் செவ்வாய் அந்த ஊர்ல காளியம்மனுக்குக் கூழ் ஊத்துவாக. வீட்டுக்கு ஒரு படி கம்பு கொடுக்கணும், எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி மில்லுல அரைச்சு, பெரிய அண்டாவுல காய்ச்சுவாக. இப்ப கேளுங்க. கூட்டம் முடிஞ்சு மூணு வாரம். ஊரே விதைக்கம்பை உப்புத்தண்ணியில அலசியாச்சு. மிதந்தது வீட்டுக்கு வீடு கெடக்கு. தூரப் போட மனசு வருமா, வெள்ளாமை செய்யிற சம்சாரி வீட்டுப் பொம்பளைக்கு? நல்ல தண்ணியில கழுவி, மாடியில காய வச்சு, ஓலைப்பெட்டியில போட்டு வச்சிருக்காளுக. கோயிலுக்கு ஒரு படின்னு கேட்டு வந்ததும், நல்ல கம்போட இதையும் கலந்து தள்ளிட்டாளுக. நம்ம ஒரு வீடுதானே, இம்புட்டுப் பெரிய அண்டாவுல தெரியவா போகுதுன்னு ஒவ்வொருத்தியும் நினைச்சிருக்கா. நூத்தி நாப்பது வீடும் அதையே நினைச்சிருக்கு. சாமிக்குன்னா மட்டும் இந்தச் சனங்களுக்குக் கை எப்படிச் சுருங்குது பாருங்க.

அன்னைக்கு நான் பக்கத்து ஊர்ல முகாம்ல இருந்தேன். பதினோரு மணி இருக்கும். செங்கரட்டுப்பட்டி தர்மகர்த்தா சீனிராஜ் போன் போட்டாரு. டாக்டரே, ஊரே வாந்தி எடுக்கு, கூழ்ல எவனோ மருந்து வச்சிட்டான், உங்க மிஷினை எடுத்துக்கிட்டு ஓடியாங்கன்னாரு. இந்தப் பெட்டியை டிவிஎஸ்ல முன்னால வச்சுக்கிட்டுப் போனேன்.

கோயில் வாசல்ல கண்ணு கொண்டு பாக்க முடியல. அறுபது எழுபது பேரு வேப்பமரத்தடியில கெடக்காக. ஒக்களிக்காக, எந்திரிச்சு நடந்தா குடிகாரன் கணக்காச் சாயுதாக. பிள்ளைக கண்ணு செருகிக் கெடக்கு. ஆம்புலன்ஸ் ஒரு நடை போயிட்டு அடுத்த நடைக்கு வரல. குடிக்காத ஆம்பளைக எல்லாம் கையில ஏதாச்சும் ஒண்ணை வச்சிக்கிட்டு நிக்கான். உலக்கை, வண்டிமுளை, கூழ் கிண்டுற துடுப்பு. நடுவுல ரேடியோக் குழாய் கட்டின கம்பத்துல கொம்பையாவைக் கட்டிப் போட்டிருந்தாக. கயிறு இல்ல, அவன் மில்லு பெல்ட்டாலயே.

ஏன் அவன்னு கேப்பீங்க. பத்து நாளைக்கு முந்தி அந்தக் குழாயை அவன் மில்லுப் பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்காக. அரவைச் சத்தம் காதுல விழணும், கல்லு உரசுனா சத்தத்தை வச்சுத்தான் தெரியும்னு சொல்லி, அவன் வயரைப் பிடுங்கி விட்டுட்டான். சாமி பாட்டை நிப்பாட்டினவன்னு பேராயிருச்சு. பிறகு மில்லைப் பிரிச்சு மேய்ஞ்சிருக்காக, எலி மருந்துப் பாக்கெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. எலி மருந்து இல்லாத மாவு மில்லு எங்கயாச்சும் உண்டா, அண்ணாச்சி?

நான் போறதுக்குள்ளயே நல்லா அடிச்சிருந்தாக. பெல்ட்டாலதான். சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டிருந்துச்சு. கீழ் உதடு கிழிஞ்சு தொங்குச்சு. குடிடா, நீ வச்சதை நீயே குடின்னு அண்டாவுல மிச்சம் இருந்த கூழைச் சுடச்சுட வாயில ஊத்தியிருக்காக. தாடையில இருந்து நெஞ்சு வரைக்கும் தோலு வெந்து சுருண்டு நிக்கி. அதுக்கு முந்தியே அவன் கூழ் குடிச்சு வாந்தி எடுத்திருக்கான், இடுப்புல கட்டின சாரம் பூரா நனைஞ்சு காஞ்சிருந்தது. நான் பாத்தேன். நடிப்புன்னு சொன்னாக. அந்தா இருக்காளே, அவளை ரெண்டு பொம்பளைக தலைமுடியைச் சுருட்டிப் பிடிச்சு மண்டி போட வச்சிருந்தாளுக. அவ கத்தலை. சார் வந்துட்டாரு, சார் வந்துட்டாருன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா.

கூட்டம் எனக்கு வழி விட்டுச்சு. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்னு சீனிராஜ் கையை ஓங்கி எல்லாரையும் அமத்துனாரு. கோயிலுக்கு எதுத்தாப்புலதான் மில்லு, அந்த வாசல் திண்டுல மைக்ராஸ்கோப்பை வச்சேன். கண்ணாடியைத் திருப்பி வெயிலை உள்ள விட்டேன். மில்லுல மாவு விழுற இடத்துல ஒட்டிக் கெடந்த மாவை ஊசி முனையில எடுத்து, ஒரு சொட்டு சாயம் விட்டு, மூடினேன். அரை நிமிஷம்.

அரிவாள் மாதிரி இருக்கும் அந்தப் பூசண விதை. ரெண்டு முனையும் கூரா, லேசா வளைஞ்சு. ஒண்ணா ரெண்டா, பார்வை படுற இடமெல்லாம் அரிவாளு. தேன் ஒழுகல். என் முப்பத்திரண்டு வருஷத்துல அப்படி நெருக்கமாப் பாத்ததே இல்ல. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. இது மருந்து இல்ல. இதைத் தின்னா வாந்தி வரும், தலை சுத்தும், தூக்கம் அமுக்கும். ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவாக. இதுக்கு யாரும் சாக மாட்டாக. எனக்குத் தெரியும்.

தலையைத் தூக்கினேன். இருநூறு பேரு என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்காக. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை மெதுவாச் சொன்னா, சார் சொன்னபடி உப்புத்தண்ணியில அலசின கம்புதானே சார், அதுல எப்படின்னு. மிதந்ததை என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான் கேட்டேன். அவ முகம் செத்துப் போச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்குப் பக்கத்துல நின்னவளும் குனிஞ்சா. அதுக்குப் பின்னால நின்னவளும்.

அவளுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஒருத்தி வாயைத் திறந்து நாங்கதான்னு சொல்லல பாருங்க. புருசன்மாரு கையில உலக்கையோட நிக்கான், இவளுக மண்ணைப் பாத்துக்கிட்டு நிக்காளுக. என்ன ஈனச் சனங்க.

நானா? நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் லேப் அசிஸ்டன்டு. மாதிரியைக் காகித உறையில போட்டு, ஒட்டி, படிவத்தோட அனுப்பணும். நம்பர் விழணும். ஆபீசர் பாக்கணும். வாயால முடிவு சொல்லக் கூடாதுன்னு விதியே இருக்கு. அது போக, அந்தக் கூட்டத்துல தேன் ஒழுகல்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? உப்புத்தண்ணியில அலசச் சொன்னது யாருன்னு வரும். மிதந்ததைத் திங்கக் கூடாதுன்னு ஏன் சொல்லலைன்னு வரும். அவனவன் கையில வண்டிமுளை இருக்கு, அண்ணாச்சி. எனக்கு ரெண்டு பொண்ணு. பயந்துட்டேன். மனுசன்தானே, பயமா இருந்துச்சு, சொல்லுதேனே. மாதிரியை லேபுக்கு அனுப்பணும், முடிவு வர மூணு நாள் ஆகும்னேன்.

மூணு நாளான்னு கூட்டம் ஒரு மாதிரி முனங்குச்சு.

அப்பத்தான் கொம்பையா பேசினான். உதடு கிழிஞ்சதால பேச்சு வழுக்குச்சு, ஆனா எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. "சார், நீங்க பாத்துட்டீங்கல்லா. உங்களுக்குத் தெரியும் சார். அன்னைக்கே நான் கேட்டேனே, மிதந்ததை..."

ஒரு அறை விட்டேன்.

ஒரே ஒரு அறைதான், அண்ணாச்சி. அவன் நல்லதுக்குத்தான். அந்த நேரத்துல அவன் பேசப் பேசக் கூட்டத்துக்குச் சூடு ஏறும்லா. படிச்ச ஒருத்தன் கை வச்சுட்டா, சரி, கேக்க ஆள் வந்துட்டாருன்னு மத்தவன் அடங்கிருவான்னு ஒரு கணக்கு. வெந்த கன்னத்துல பட்டுருச்சு, தோலு என் கையோட வந்துச்சு. நான் அதைப் பாத்தா அடிச்சேன்? அவன் என்னையே பாத்தான். இது யாருன்னு புரியாத மாதிரி பாத்தான்.

சாரே அடிச்சிட்டாருன்னு எவனோ பின்னால இருந்து சொன்னான். அப்ப இவன்தான்னு இன்னொருத்தன்.

அம்புட்டுத்தான். மொத்தமா விழுந்தாக. உலக்கை எலும்புல படுற சத்தம் ஒண்ணு இருக்கு, அதைக் கேக்காதவன் புண்ணியம் செஞ்சவன். பெல்ட்டு அறுந்து அவன் சரிஞ்சான், சரிஞ்சவனை மிதிச்சாக. வாந்தி எடுத்துக்கிட்டிருந்த பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டே ஒருத்தி காலால எத்துனா. அவ எனக்குப் பக்கத்துல தலையைக் குனிஞ்சவளேதான். சீனிராஜ் தம்பி மில்லுக்குள்ள ஓடி, அரவைக்கல்லு கொத்துற சுத்தியலை எடுத்துட்டு வந்தான். கொம்பையா கையைத் தூக்கினான், கை ஒடிஞ்சு மடங்குச்சு. ரெண்டாவது போடு பின்மண்டையில. அதோட அவன் கால் ரெண்டும் மண்ணை உதைச்சுது, கொஞ்ச நேரம் உதைச்சுது, நின்னுருச்சு. சண்முகக்கனி முடி அவளுகளோட கையில கெடக்கு, இவ பிச்சுக்கிட்டு ஓடியாந்து அவன் மேல விழுந்தா. அவளையும் நாலு போடு போட்டுத்தான் விட்டாக.

நான் என்ன செஞ்சேனா? மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில வச்சேன். கேலியாப் பாக்காதீங்க. மண்ணு பறக்கு, லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்தா முடிஞ்சுது, அரசாங்கச் சொத்து. லென்ஸைத் துணியால துடைச்சு, கழட்டி, அதது பள்ளத்துல வச்சு, மூடினேன். அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் தீப்பெட்டிக்குள்ள போட்டுச் சட்டைப்பையில வச்சேன். ஏன் வச்சேன்னு கேட்டா எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, மூத்தவ நகப்பாலிசை எடுத்து நாலு ஓரமும் பூசிக் காத்துப் புகாம அடைச்சேன். லேபுல நாங்க அப்படித்தான் செய்வோம், வருஷக்கணக்குல அப்படியே நிக்கும்.

கூழ் குடிச்சவன் ஒருத்தன்கூடச் சாகல, அண்ணாச்சி. ரெண்டே நாள். எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டாக. நான் நினைச்சது சரியா இருந்துச்சு.

பிறகு போலீசு, பதினோரு பேரு மேல கேசு. வாந்தியில எலி மருந்து இல்லைன்னு சோதனையில வந்துருச்சு. வேற ஏதோ தெரியாத மருந்து வச்சான், ஆத்திரத்துல நடந்துபோச்சுன்னு அவனுக வக்கீல் சொல்லுதாரு. எங்க ஆபீஸ்ல இருந்து, மாதிரி உரிய படிவத்தோட வராததால ஆய்வு செய்யப்படலைன்னு ஒரு கடுதாசி போயிருக்கு. நான்தான் எழுதினேன், ஆபீசர் கையெழுத்து. அதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. ஊர்ல இன்னைக்கும் அவன் கூழ்ல மருந்து வச்சவன்தான். அவன் மகளைப் பொண்ணு கேட்டு யாராச்சும் வந்தா, மருந்து வச்சவன் மகளான்னு கேட்டுட்டுப் போயிருதாகளாம். இன்னைக்குக் கோர்ட்டுல என்கிட்ட ஒரே கேள்வி. அன்னைக்கு நீ கண்ணை வச்சுப் பாத்தியே, என்ன பாத்தேன்னு.

ஆய்வு செய்யப்படலைன்னு சொல்லப் போறேன். கடுதாசியில இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்.

இதென்ன, நின்னுருச்சு? ரயில்வே கேட்டா. சரி, கெடக்கட்டும். கோர்ட்டு ஸ்டாப்பு இதுக்கு அடுத்ததுதானே?

காலையில விளாத்திகுளத்துல நடந்ததைச் சொல்லலையே. டீக்கடையில நிக்கேன், இவ நேரா என்கிட்ட வந்தா. கும்பிட்டா. நாலு வருஷமா எங்க கண்டாலும் கும்பிடுவா, அன்னைக்கு நான் அடிச்சது அவனைக் காப்பாத்தத்தான்னு அவளும் நம்பியிருக்கான்னு நான் நினைச்சிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? "அவரு கடைசியா மிதந்ததைன்னு என்னமோ சொல்ல வந்தாரே சார். நாலு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு இந்த வருஷம் தேன் ஒழுகல் விழுந்த காட்டுல கம்பு கேட்டு வாங்கியிருக்கா. பத்து லிட்டர் தண்ணி, ஒரு கிலோ உப்பு. மிதந்ததை அரிச்சுக் காய வச்சு இடிச்சுக் கோழிக்கு வச்சிருக்கா. கோழி சுத்திச் சுத்தி விழுந்து, கழுத்து தொங்கிக் கெடந்துச்சாம். மறுநாள் எந்திரிச்சு மேயப் போயிருச்சாம். அடியில தங்கினதை இன்னொரு கோழிக்கு வச்சிருக்கா, அதுக்கு ஒண்ணும் ஆகல. மூணு தடவை மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்கா.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவ, அண்ணாச்சி. நாங்க லேபுல செய்யிற மாதிரியே செஞ்சிருக்கா.

அந்தக் கண்ணாடித் துண்டு இருக்கா சார்னு கேட்டா. அன்னைக்கே கழுவிட்டேம்மான்னேன். சரி சார்னு போயி முன்னால உக்காந்துட்டா. அப்ப இருந்து ஒரு தடவைகூட என்னைப் பாக்கல. இப்பத்தான் திரும்புதா.

இருக்கு, இங்கதான் இருக்கு. சட்டைப்பையில. இந்தா பாருங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. என்ன தெரியுது? நீலமா ஒரு அழுக்கு. வேற ஒண்ணும் தெரியாது உங்களுக்கு. எனக்குத்தான் தெரியும். கொடுங்க, கொடுங்க. பத்திரம்.

ஸ்ஸ். ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. பதறாதீங்க. பஸ் குலுக்குன குலுக்குல கையோட நொறுங்கிருச்சு. என்ன, வண்டி நின்னுக்கிட்டுல்லா இருக்குங்கீங்களா? ஆமா. நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ரத்தம் கொஞ்சம் கூடத்தான் வருது, சுகர் உடம்புல்லா. துண்டு இருந்தா கொடுங்க. இருங்க, இறுக்கிக் கட்டுங்க. இன்னும் இறுக்கி.

போச்சு. இனி ஒண்ணுமில்ல. நான் என்ன சொல்லுதேனோ அதுதான்.

கேட்டைத் திறந்துட்டான். அந்த முடிச்சுல என்ன வச்சிருக்கான்னா கேக்கீங்க? அதான் அண்ணாச்சி, மிதந்த கம்பு. ஒரு படி. ஜட்ஜ் மேசையில கொட்டிக் காட்டப் போறாளாம். கறுப்பா, நீளமா, எலிப்புழுக்கை கணக்கா. அதுக்கு மைக்ராஸ்கோப்பே வேண்டாம். வெறுங்கண்ணுக்கே தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

என்ன, ஸ்டாப்பா? வந்துட்டுதா? அவ இறங்கிட்டாளா?

படியிலயே நிக்கா. விசில் அடிக்காதீங்க, இன்னும் ஒரு ஆள் இறங்கணும்னு கண்டக்டர்ட்டச் சொல்லுதா. இந்தா, என்னையும் கூப்பிடுதா, கேட்டீங்களா? "இறங்கு." சாருன்னு சொல்லல. பஸ்ஸே திரும்பிப் பாக்கு.

பெட்டியை ஒரு கை தூக்கி விடுங்க, அண்ணாச்சி. கை வழுக்குது. இந்தா வாரேம்மா, வாரேன். நீங்க சன்னல் பக்கமா நகந்து உக்காருங்க. சீட்டுல கண்ணாடித் தூளு கெடக்கும், பாத்து.